கவிழும் கோணம், வழுக்கும் கோணம்

1/32 அளவில் வான்வால் பந்தயக் காரை, காடியில் ஓடும் ஸ்லாட் காராகச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அது நெட்டையான கார். ஃபார்முலா ஒன் பந்தயங்களில் தயாரிப்பாளர்களுக்கான சாம்பியன் பட்டம் முதன்முதலாக 1958இல் வழங்கப்பட்டபோது அதை வென்றது வான்வால்தான். அந்த ஆண்டு ஸ்டெர்லிங் மாஸும் டோனி புரூக்ஸும் ஆளுக்கு மூன்று பந்தயங்களை அதில் வென்றார்கள். சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வடிவமைத்தவர் காலின் சாப்மன். காற்று வழுக்கிக்கொண்டு போகும் அந்த உடலை வரைந்தவர் ஃபிராங்க் காஸ்டின். எஞ்சின் முன்னால், ஓட்டுநர் நடுவில், நல்ல உயரத்தில். அவருடைய தலைக்குப் பின்னால் கூம்பிச் சரியும் வால். பக்கவாட்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதே உடலை 46 மி.மீ. அகலத்துக்குச் சக்கரம் பூட்டித் தடத்தில் விட்டால் முதல் வளைவிலேயே படுத்துவிடும்.

என்னுடையதும் படுத்தது.

ஸ்லாட் கார் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. தடத்தின் நடுவே ஒரு காடி ஓடும். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் கைடு அந்தக் காடிக்குள் இறங்கியிருக்கும். காடியின் இருபுறமும் மின்சாரம் ஓடும் செப்புப் பட்டைகள். கைடின் இரு பக்கங்களிலும் உள்ள பின்னல் செப்புக் கம்பிகள், அதாவது பிரெய்டுகள், அவற்றை உரசியபடி 12 வோல்ட் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோகும். கையில் இருக்கும் கன்ட்ரோலரால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். ஸ்டீயரிங் கிடையாது. ஆகவே கார் வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பது முழுக்க முழுக்கப் பணிமேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஓட்டுபவரின் திறமையால் மோசமான காரைக் கொஞ்ச தூரம் சமாளிக்கலாம், திருத்த முடியாது.

என் கார் பழைய பாணியில் செய்தது. பித்தளைப் பட்டைகளையும் பியானோ கம்பி என்ற எஃகுக் கம்பியையும் சால்டர் வைத்து இணைத்த சேஸிஸ். மோட்டார் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் முனையில் உள்ள சிறு பல்சக்கரமான பினியன், பின் ஆக்சிலில் உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் கியரைச் சுழற்றும். உடல் ரெசினில் வார்த்தது. காந்தம் கிடையாது. கடையில் வாங்கும் இன்றைய கார்கள் பலவற்றின் வயிற்றில் ஒரு காந்தம் இருக்கும். அது கடையில் விற்கும் தடங்களின் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதால் கார் வளைவுகளில் பசை போட்டதுபோல் ஓடும். நாங்கள் ஓட்டும் மரத் தடத்தில், செப்புப் பட்டையின்மேல், அந்த வித்தை செல்லாது. செம்பைக் காந்தம் இழுக்காது. செல்லுபடியானாலும் நான் வைத்திருக்க மாட்டேன். ஐம்பதுகளின் காரைச் செய்துவிட்டு அது வளைவில் வழுக்குவதைப் பார்க்காமல் போனால் செய்ததற்கே பொருள் இல்லை.

கார் படுத்ததும் எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, அடியில் ஈயத் தகடு ஒட்டுங்கள், சரியாகிவிடும்.” இந்த விளையாட்டில் எந்த நோய்க்கும் முதலில் எழுதித் தரப்படும் மருந்து அதுதான். பல நேரம் அது வேலையும் செய்யும். அதுவே அதில் உள்ள தொல்லை. தாழ்வாக ஒட்டிய ஈயம் சேஸிஸின் முறுக்கலையும் மறைக்கும், டயரின் கோணலையும் மறைக்கும், கைடின் இறுக்கத்தையும் மறைக்கும். காரணம் உள்ளேயே இருக்க, கார் மட்டும் கனத்துப்போகும். கனத்த கார் நேர்ப்பாதையில் மெல்லப் புறப்படும், வளைவுக்கு முன்னால் நிற்க அடம்பிடிக்கும். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஈயத்தைத் தொடாமலே வேலையைத் தொடங்கினேன்.

முதல் வேலை, கார் எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்பது. “தடத்தை விட்டுப் போகிறது” என்று பொதுவாகச் சொல்வதால் பயன் இல்லை. பின்பகுதி வெளியே வீசிக்கொண்டு சுழன்று போவது ஒரு வகை. உள்பக்கப் பின்சக்கரம் மேலே எழுந்து கார் உருண்டு போவது இன்னொரு வகை. மூக்கு தூக்கி, கைடு காடியை விட்டு எழுந்து, கார் வளைவைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய்விடுவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு; முதலாவதற்கான மருந்து இரண்டாவதற்கு நஞ்சு. வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். கைபேசியை வளைவின் உயரத்துக்கு இறக்கி வைத்து மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பார்த்தேன். என் கார் பெரும்பாலும் இரண்டாவது வகை. உள்பக்க டயர் காற்றில் எழுகிறது, ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது, பிறகு வெளிப்பக்க முன்சக்கரம் தடத்தில் மோதுகிறது, மோதிய அதிர்ச்சியில் கைடு வெளியே குதிக்கிறது. அதுவும் வலப்பக்க வளைவுகளில்தான் அதிகம். இடப்பக்க வளைவில் ஓரளவு ஒழுங்காகவே போனது.

இடம் வலம் என்று கார் பாகுபாடு காட்டினால் உடலையும் டயரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உயரம் இரு பக்கத்துக்கும் பொதுவானது. அதனால் வேறுபாட்டுக்குக் காரணம் சேஸிஸிலோ கைடிலோ கைடுக்குப் போகும் ஒயர்களிலோதான் இருக்க வேண்டும்.

ஒயர்களைச் சோதிப்பது எளிது. காரின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக் கைடை விரலால் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி விட்டுவிட வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் நல்லது. துள்ளிக்கொண்டு நடுவுக்கோ மறுபக்கத்துக்கோ திரும்பினால் ஒயர் சுருள்வில்லாகச் செயல்படுகிறது என்று பொருள். என் காரில் ஒரு ஒயர் மட்டும் மோட்டாரின் ஓரத்தில் இறுக்கமாக மடிந்திருந்தது. மெல்லிய சிலிக்கான் உறை போட்ட ஒயராக மாற்றி, வளைவு விட்டு நீளமாக வைத்தேன். அதே கையோடு பிரெய்டுகளையும் பார்த்தேன். அவை கைடின் அடியில் தட்டையாகப் படிந்து, நுனி மட்டும் இலேசாகக் கீழே வளைந்திருக்க வேண்டும். மின்சாரம் நன்றாகக் கிடைக்கட்டும் என்று அவற்றை நிமிர்த்தி வளைத்து வைத்தால் அவையே மூக்கைத் தூக்கிவிடும். கைடு காடிக்குள் பாதி ஆழம்தான் இறங்கும்.

இவற்றுக்குப் பிறகும் வலப்பக்கச் சிக்கல் குறைந்ததே தவிர ஒழியவில்லை. சேஸிஸைத் தனியே கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்தேன். சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். தச்சுப்பலகையை நம்பாதீர்கள், அதற்கே முறுக்கல் இருக்கும். சேஸிஸின் நான்கு மூலைகளையும் மாறி மாறி விரல் நுனியால் அழுத்தினேன். வலது முன்மூலையை அழுத்தியபோது இடது பின்மூலை மெல்ல எழுந்தது. எழுந்ததைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கண்ணாடியில் ‘டிக்’ என்ற சத்தம் காட்டிக்கொடுத்தது. இடைவெளியில் எழுதும் தாளைச் செருகிப் பார்த்தேன்: ஒரு தாள் தாராளமாக நுழைந்தது, இரண்டும் நுழைந்தன, மூன்றாவது முட்டியது. சாதாரணத் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். ஆக, கால் மில்லிமீட்டர் அளவுக்கு முறுக்கல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சேஸிஸின் முறுக்கல், எடையைக் குறுக்காக ஒரு சக்கரத்தின்மேல் சாய்த்துவிடும். நின்றநிலையிலேயே இலேசாகிவிட்ட உள்பக்கச் சக்கரம் வளைவில் எழுவதற்கு அதிக வற்புறுத்தல் தேவைப்படாது.

கையால் சால்டர் செய்த சேஸிஸில் இந்த முறுக்கல் வருவது இயல்பு. பித்தளை எஃகைவிட அதிகமாக விரியும், அதிகமாகச் சுருங்கும். சூட்டில் இணைந்த இரண்டும் ஆறும்போது ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். கையால் முறுக்கி நேராக்கினால் அன்றைக்கு நேராகும், நாலு மோதலில் பழைய குணத்துக்குத் திரும்பும். சரியான வழி, சேஸிஸைத் தட்டையான கனத்த தகட்டில் இறுக்கிப் பிடித்து வைத்து, ஒவ்வோர் இணைப்பாகச் சால்டர் மறுபடி பளபளவென்று உருகும்வரை சூடேற்றி, அடுத்த இணைப்புக்குப் போகும் முன் ஆறவிடுவது. உருகும்போது உள்ளே அடைந்து கிடந்த இழுவிசை விடுபட்டுப்போகும். அப்படிச் செய்கையில் ஓர் இணைப்பு மட்டும் மற்றவற்றைப்போல் மின்னாமல் சாம்பல் பூத்ததுபோல் இருப்பது தெரிந்தது. சூடு பற்றாமல் ஒட்டிக்கொண்டிருந்த இணைப்பு அது. உருப்பெருக்கியில் அதன் குறுக்கே மயிரிழை அளவு விரிசல். வளைவில் பாரம் ஏறும்போதெல்லாம் அந்த இடம் நெகிழ்ந்துகொண்டிருந்திருக்கிறது. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, பித்தளையை உப்புத்தாளால் சுரண்டி, சால்டர் நன்றாகப் பற்ற உதவும் ஃப்ளக்ஸ் தடவி, புதிதாகப் பற்றவைத்தேன். மறுபடி கண்ணாடியில் வைத்து நான்கு மூலையிலும் அழுத்தினால் சத்தம் இல்லை.

இடம், வலம் இரண்டிலும் கார் இப்போது ஒரே மாதிரி கவிழ்ந்தது. இதை முன்னேற்றம் என்று நான் சொன்னபோது குழுவில் சிரித்தார்கள். முன்னேற்றம்தான்.

பின் டயர்கள் வட்டமாக இருக்கின்றனவா என்பதையும் போகிற போக்கில் பார்த்துவிட வேண்டும். காரைக் கட்டையின்மேல் ஏற்றி மூன்று நான்கு வோல்ட்டில் மெதுவாகச் சுழலவிட்டு, டயரை ஒட்டி ஒரு ஊசிமுனையை நிறுத்தினால் ஏற்ற இறக்கம் உடனே தெரியும். ரப்பர் டயரானால் விளிம்போடு ஒட்டிவிட்டு, ஓடும்போதே உப்புத்தாளில் தொட்டுத் தொட்டுத் தேய்த்து வட்டமாக்கலாம். சிலிக்கானை அப்படித் தேய்த்தால் சரிவராது.

இனி உயரம். இங்கேதான் இந்தக் காரின் உண்மையான நோய்.

ஸ்லாட் கார் பார்வைக்கு நான்கு சக்கரங்களில் ஓடுவதுபோல் இருந்தாலும் பெரும்பாலும் அது மூன்று கால் முக்காலி: கைடு ஒரு கால், இரண்டு பின்சக்கரங்கள் மற்ற இரண்டு. கைடு ஆழமாக இறங்கட்டும் என்பதற்காக முன்சக்கரங்கள் தடத்தைத் தொட்டும் தொடாமலும் வைக்கப்பட்டிருக்கும். எனவே கார் கவிழும்போது எந்தக் கோட்டைச் சுற்றிக் கவிழ்கிறது என்றால், கைடிலிருந்து வெளிப்பக்கப் பின் டயரின் ஓரம்வரை போகும் சாய்வான கோட்டைச் சுற்றி. ஈர்ப்பு மையம் முன்னால் போகப் போக அதற்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள பக்கவாட்டுத் தூரம் சுருங்கிக்கொண்டே போகும். கைடின் நேர்மேலே இருந்தால் தூரம் பூஜ்யம்.

என் காரில் கைடிலிருந்து பின் ஆக்சில்வரை 78 மி.மீ. காரைக் கத்தி விளிம்பின்மேல் நிறுத்திப் பார்த்ததில் அது சமநின்ற இடம் கைடிலிருந்து 43 மி.மீ. பின் டயர்களின் வெளிவிளிம்புகளுக்கிடையே 46 மி.மீ., அதாவது நடுவிலிருந்து 23. ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்தில் அந்த 23 முழுதாகக் கிடைக்காது. 78இல் 43 பங்குதான் கிடைக்கும். ஏறத்தாழ 12.7 மி.மீ. காரைத் தாங்கிப் பிடிக்கும் அகலம் அவ்வளவே. ஈர்ப்பு மையத்தின் உயரம் இதைவிடக் கூடுதலாக இருந்தால், காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசை வருவதற்கு முன்பே உள்சக்கரம் எழுந்துவிடும்.

உயரத்தை எப்படி அளப்பது? அளக்க வேண்டாம், சாய்த்துப் பார்த்தால் போதும். ஒரு பலகையில் தடத்தின் அதே பெயிண்ட்டை அடித்து, ஒரு காடியும் வெட்டினேன். காரை அதில் நிறுத்தி, பலகையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்க வேண்டும். மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் பலகையை விட்டு எழும் கணத்தில் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கீழ்ப் பக்கத்து டயர் வழுக்கிவிடாமல் இருக்க அதன் ஓரத்தில் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். இது கவிழும் கோணம். அட்டையை எடுத்துவிட்டு மறுபடி சாய்த்து, பின்பகுதி வழுக்கி இறங்கும் கணத்தைக் குறித்தால் அது வழுக்கும் கோணம்.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் காந்தமில்லாத காரைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி தெரிந்துவிட்டது என்பது என் கட்சி. வழுக்கும் கோணம் சிறியதாக இருந்தால் கார் வளைவில் வாலை வீசும். கன்ட்ரோலரைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துவிடலாம். கவிழும் கோணம் சிறியதாக இருந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் உருண்டு போகும்.

என் கார் 40 டிகிரியில் சக்கரத்தைத் தூக்கியது. அட்டையை எடுத்தபிறகும் அதே 40தான், ஏனென்றால் நான் போட்டிருந்த சிலிக்கான் டயர்கள் வழுக்கவே இல்லை. 40 டிகிரி என்றால் எடையில் 0.84 பங்கு பக்கவாட்டு விசை. அதைக் கொண்டு கணக்கிட்டால் ஈர்ப்பு மையத்தின் உயரம் 15 மி.மீ. டயர்கள் இன்னும் பிடிக்கத் தயார். ஆனால் கார் அதற்கு முன்பே தலைகுப்புற விழுகிறது. “பிடிப்பு போதவில்லை, இன்னும் மென்மையான டயர் போடுங்கள்” என்ற யோசனையும் எனக்கு வந்திருந்தது. அதைக் கேட்டிருந்தால் ஒரு டிகிரிகூடத் தேறியிருக்காது.

உயரத்துக்குக் காரணம் ரெசின் உடல். மொத்தக் கார் 96 கிராம். அதில் உடல் மட்டும் 38. அச்சில் வார்த்த ரெசின் சில இடங்களில் மூன்று மி.மீ. தடிமனில் இருந்தது, அதுவும் வாலின் உச்சியிலும் தலைச் சாய்மானத்திலும். வேண்டாத இடத்தில் வேண்டாத எடை. உட்புறத்தைச் சிறிய சுழல் அரத்தால் குடைந்தேன். முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எவ்வளவு குடைந்தோம் என்பதை விரலால் சொல்ல முடியாது. உடலுக்குள் சிறு விளக்கை வைத்து இருட்டில் பார்த்தால் தெரியும்: தடித்த இடம் கறுப்பாக நிற்கும், மெலிந்த இடம் தேன்நிறத்தில் ஒளிரும். கறுப்புத் திட்டுகள் ஒவ்வொன்றாகத் தேன்நிறமாகும்வரை குடைவது அலுப்பான வேலைதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை வெளிச்சமே சொல்லிவிடும். வெள்ளைக்குப் போய்விட்டால் ஓட்டை விழப்போகிறது என்று அர்த்தம். திருகாணி ஏறும் தூண்களைச் சுற்றி மட்டும் கறுப்பை விட்டுவைத்தேன். ஓட்டுநர் பொம்மையும் தப்பவில்லை. வெளியே தெரிவது தலையும் தோளும் மட்டுமே. அவற்றையும் உள்ளே குடைந்து ஓடாக்கினேன்.

உடல் 24 கிராமுக்கு இறங்கியது. இப்போதுதான் ஈயத்தைத் தொட்டேன்: எட்டு கிராம், சேஸிஸின் அடித்தளத்தில், பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால், முடிந்தவரை தாழ்வாக. முன்னால் வைக்கச் சொல்பவர்கள் உண்டு, கைடு எழாமல் இருக்கும் என்று. மூக்கு தூக்கும் காருக்கு அது சரி. கவிழும் காருக்கு எடை பின்னால் போவதுதான் நல்லது. மேலே சொன்ன முக்காலிக் கணக்கே சாட்சி. சமநிலைப் புள்ளி ஒன்றரை மி.மீ. பின்னால் நகர்ந்தது, ஈர்ப்பு மையம் 12 மி.மீ. அளவுக்குத் தாழ்ந்தது. பலகையில் வைத்தால் கவிழும் கோணம் 48. மொத்த எடை 90 கிராம். ஈயம் ஒட்டியும் முன்னைவிடக் குறைவு.

சிலிக்கான் டயர்களோ 48இலும் வழுக்க மறுத்தன. எனவே அவற்றைக் கழற்றிவிட்டுச் சற்றுக் கடினமான ரப்பர் டயர்களுக்கு மாறினேன். வழுக்கும் கோணம் 43. இப்போது இரண்டுக்கும் நடுவே ஐந்து டிகிரி இடைவெளி இருக்கிறது. கார் முதலில் வழுக்கும். கவிழ்வதற்கு அது இன்னும் தூரம் போக வேண்டும். வேண்டுமென்றே பிடிப்பைக் குறைத்தால் வேகம் போய்விடாதா என்று கேட்பார்கள். பழைய எல்லை 0.84, புதிய எல்லை 0.93. வளைவில் எட்டக்கூடிய வேகம் இதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; ஆக ஐந்து சதவீதம் கூடியிருக்கிறது. பழைய டயர்களின் பிடிப்பு ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது.

முன்சக்கரங்களையும் அப்போதே கவனித்தேன். அவை தடத்திலிருந்து ஒரு மி.மீ. உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் காணொளியில் அந்த மோதல்: கார் சாயத் தொடங்கி, வேகம் பிடித்து, பிறகுதான் முன்சக்கரம் தடத்தைத் தொட்டது. ஆக்சிலைத் தாழ்த்தி, ஒரு தாள் உரசிக்கொண்டு நுழையும் அளவுக்குக் கொண்டுவந்தேன். சாய்வு தொடங்கிய உடனேயே வெளிப்பக்க முன்சக்கரம் ஊன்றிக்கொள்கிறது, மோதல் இல்லை. இன்னும் தாழ்த்தினால் முன்சக்கரங்களே எடையைத் தாங்கத் தொடங்கிக் கைடைக் காடியிலிருந்து தூக்கிவிடும்.

கடைசியாக உடலின் திருகாணிகளை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். உடல் சேஸிஸின்மேல் மயிரிழை அளவு ஆட வேண்டும், கையால் குலுக்கினால் இலேசாகக் கலகலக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய உடல் சேஸிஸின் ஒவ்வோர் அதிர்வையும் தானும் வாங்கிக்கொண்டு டயர்களைத் துள்ளவைக்கும்.

கார் இப்போது நீண்ட வளைவில் வாலைச் சற்று வெளியே வைத்துக்கொண்டு போகிறது, ஐம்பதுகளின் புகைப்படங்களில் உள்ள கார்களைப் போலவே. காந்தம் வைத்த கார்களோடு அவற்றின் தடத்தில் போட்டியிட முடியாது. அந்த எண்ணமும் இல்லை. கிரவுன் கியர் மட்டும் வேகம் குறையும்போது ஊளையிடுகிறது. பினியனுக்கும் அதற்கும் இடையே தாள் வைத்து இடைவெளியைச் சரிபார்த்தாயிற்று. ஆக்சிலின் பக்கவாட்டு ஆட்டத்துக்கும் வளையம் போட்டாயிற்று. அடுத்து பினியனை மாற்றிப் பார்க்க வேண்டும். அது அடங்கிய பிறகுதான் உடலுக்குப் பச்சை வண்ணம் பூசப்போகிறேன். வண்ணமும் அரக்கும் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிராம் கூடும். அதனால் பூசி முடித்ததும் கார் மறுபடி பலகைக்குப் போகும்.